நாலாம் நம்பர்

"எச்சித் தண்ணிய எங்க கொட்டுவீங்க, தம்பி?"

பெண் பார்க்க வந்த வீட்டில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று செந்தூரன் நினைக்கவில்லை. கேட்டவர் பெண்ணின் அப்பா முத்துக்குமாரு. ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அது எச்சி இல்ல, அங்கிள். டிரம்பெட் ஊதும்போது உள்ள போற மூச்சுதான் தண்ணியா மாறுது. கீழ ஒரு சின்ன மூடி இருக்கு. அதத் திறந்து விட்டுருவோம்."

"எங்க விடுவீங்க?"

"துணி விரிச்சுக்குவேன்."

"முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் தரையிலதான்."

பக்கத்தில் இருந்த அம்மா இராஜம்மா அவன் காலை மிதித்தாள். கிள்ளானிலிருந்து வரும் வழியெல்லாம் கார் ஓட்டவிடாமல் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மியூசிக் டீச்சர்னு மட்டும் சொல்லு. டிரம்பெட்னு வாயத் திறக்காத." அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான்.

வயது முப்பத்தாறு. கிள்ளானில் பதினோரு பேருக்கு டிரம்பெட் சொல்லிக் கொடுக்கிறான். ஆர்கெஸ்ட்ராவில் ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். அம்பாங்கில் பார்த்த இடத்தில், ஊதுவதை விட்டுவிட்டு பேங்க் வேலைக்குப் போனால் பேசலாம் என்றார்கள். செலாயாங்கில் காப்பியே வரவில்லை. இந்த இடமும் போனால் இனித் தேடமாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். டிரம்பெட்டை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்ய அவனால் முடியாது. மறைத்துச் செய்தால் முதல் வாரமே சத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஊதுவீங்க?"

"மூணு மணி நேரம், அங்கிள். மியூட் போட்டுக்கலாம், சத்தம் அடங்கிடும்."

"மியூட்டா? கொசுவப் புடிச்சு டின்னுல அடைச்ச மாதிரி இருக்கும். அதுக்குப் போடாமலே ஊதலாம்லா."

செந்தூரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரயில்வேக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"அங்கிளுக்கு டிரம்பெட் பழக்கமா?"

"எனக்கு விசில்கூட வராது."

சன்னலோரம் பலகைத் தரையில், தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. நாள்பட்டு ஈரம் விழுந்த இடம். மீன் தொட்டி வைத்திருந்தார்களோ என்னவோ.

"நிரந்தர வேலைக்கு முயற்சி பண்ணலையா?" என்றார் முத்துக்குமாரு.

"போன வாரம் போனேன். ஆர்கெஸ்ட்ராவுல ஒரு இடம் காலி. கிடைக்கல."

"ஏன்? அவங்களுக்கு வேண்டிய ஆள உள்ள விட்டுட்டாங்களா?"

"அப்படித்தான் இருக்கும்ங்க. எல்லா இடத்துலயும் அதுதானே," என்று முந்திக்கொண்டாள் அம்மா.

தலையை ஆட்டியிருந்தால் போதும். செந்தூரனுக்கு அது வரவில்லை.

"இல்ல, அங்கிள். திரைக்குப் பின்னால நின்னு வாசிக்கணும். பேர் கிடையாது, நம்பர்தான். தனித்தனி ரூம், ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாது. வாயத் திறந்து பேசக் கூடாது. சப்பாத்துச் சத்தம்கூடக் கேக்காம இருக்கக் கம்பளம் விரிச்சிருப்பாங்க. முடிஞ்சதும் ஜெயிச்ச நம்பர மட்டும் கதவுல ஒட்டுவாங்க. நாலுன்னு ஒட்டுனாங்க."

"அந்த நாலாம் நம்பர் உங்களவிடப் பெரிய ஆளா?"

ஒரு வாரமாக அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி.

"எனக்கு முந்தி உள்ள போனது அவன்தான். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். ஒரு நீளமான வரி வரும். நடுவுல மூச்சு வாங்காம யாராலயும் முடியாது. அவன் வாங்கல. நான் தேர்வு பண்ற இடத்துல இருந்திருந்தாலும் அவனத்தான் எடுத்திருப்பேன். ஆளு யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய், எப்படி மூச்சப் புடிக்கிறான்னு கேக்கணும்."

அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பத் தயார்.

முத்துக்குமாரு அவனையே பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"வசு, காப்பி கொண்டு வாம்மா. இவரு பொய் சொல்லல."

வசுந்தரா தட்டோடு வந்தாள். வீட்டிலேயே டியூஷன் சொல்லிக் கொடுக்கிறாள் என்றுதான் இவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். குனிந்து தட்டை நீட்டியபோது அவன் பார்த்தான். மேலுதட்டின் நடுவே, லிப்ஸ்டிக்கையும் மீறி, பிறை மாதிரி ஒரு அழுத்தத் தடம். தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் அவன் பார்க்கிற அதே தடம்.

"எனக்கு அடுத்து வாசிச்ச அஞ்சாம் நம்பர் நீங்கதானா?" என்றாள் அவள். "நல்லாத்தான் வாசிச்சீங்க. கடைசி நோட்டு மட்டும் கொஞ்சம் இறங்கிடுச்சு."