வெற்றிவேல் என்கிற குதிரை

வெற்றிவேல் என்கிற குதிரையைக் காணவில்லை.

மற்றதெல்லாம் தயார். லாயத்துக்குப் பின்னால் ஜேசிபி குழி வெட்டி முடித்துவிட்டது. சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கியாயிற்று. கால்நடை அதிகாரி தணிகாசலம் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, நிலாவில் இறங்கப்போகிறவர் மாதிரி நின்றிருந்தார்.

சாக வேண்டிய குதிரைதான் இன்னும் வந்து சேரவில்லை.

உழவர்கரை ஓரத்தில் இருக்கிறது முதலாளி முசியே ரொலானின் லாயம். சென்னையில் பந்தயம் ஓடிக் களைத்த குதிரைகள் இளைப்பாற இங்கே வரும். காலையில் நோணாங்குப்பம் பக்கம் கடற்கரை மணலில் நடை, மதியம் மின்விசிறி, சாயங்காலம் கேரட். முசியேவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் உண்டு. குதிரைகளுக்கும் பாஸ்போர்ட் உண்டு. லாயத்தில் மற்றவர்களுக்கு ரேஷன் கார்டு.

போன மாதம் மர்கீஸ் என்ற பெட்டைக் குதிரை மூக்கில் சீழ் ஒழுகிச் செத்தது. கிளாண்டர்ஸ் என்றார்கள். குதிரையிடமிருந்து குதிரைக்குத் தொற்றும், குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் தொற்றும். நோய் கண்ட குதிரையைக் கொன்று ஆழப் புதைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நோய் கண்ட ஆளை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

மிச்சக் குதிரைகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அலுவலக வேலை பார்க்கும் வேம்புதான் குப்பிகளில் பெயர் ஒட்டினாள். குப்பிகள் ஐஸ் பெட்டியில் ஏறி, விமானத்தில் வடக்கே பறந்துபோய், இன்று முடிவு வந்துவிட்டது.

எல்லாம் சுத்தம். வெற்றிவேலைத் தவிர.

“அப்படி ஒரு குதிர என்கிட்ட கெடையவே கெடையாதுங்க. துப்ளே இருக்கு, ஷம்பாஞ் இருக்கு. ரேஸ் குதிரைக்குப் போய் எவனாவது வெற்றிவேல்னு பேர் வைப்பானா?” என்றார் ரொலான்.

“ரத்தம் மட்டும் தனியா நடந்து வந்துச்சா? எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க, சொல்லுங்க” என்றார் தணிகாசலம்.

தேடினார்கள். வைக்கோல் போருக்குப் பின்னால் பார்த்தார்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார்கள். ஓர் உதவியாளர் கடமையுணர்ச்சி முற்றிப்போய், தீவன அறையில் இருந்த பீரோவைத் திறந்து பார்த்தார்.

வேம்பு அலுவலக வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படித்தது ரத்தப் பரிசோதனை. பார்ப்பது கேரட் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிற வேலை. அதையும் வாங்கிக் கொடுத்தது இதே லாயத்தில் குதிரை பார்க்கிற அண்ணன்.

மர்கீஸின் மூக்கைக் கடைசிவரை துடைத்துவிட்டது அண்ணன்தான். தோளில் கிடந்த துண்டால். கையுறையெல்லாம் குதிரை செத்த பிறகுதான் வந்தது.

அண்ணனுக்கு இப்போது காய்ச்சல். கையில் கட்டி கட்டியாகப் புடைத்து உடைகிறது. கிளினிக்கில் மாத்திரை எழுதித் தந்தார்கள். குதிரை நோயாக இருக்குமா, ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டாள். டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, “அப்ப குதிரை டாக்டர்கிட்ட போம்மா” என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், “காய்ச்சலுக்கா?” என்று அண்ணனே சிரித்தான்.

இன்று காலை அவன் சிரிக்கவில்லை. அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தான்.

“அந்த ழோசேப்பக் கூப்புடும்மா. குதிரைங்க பேரு பூரா அவனுக்குத்தான் அத்துப்படி” என்று ரொலான் கத்தினார்.

லாயத்தில் யார் வேலைக்கு வந்தாலும் முசியேவுக்கு அவன் ழோசேப். முதன்முதலில் இருந்த ஆளின் பெயர் அது. ஆள் மாறும்போதெல்லாம் புதுப் பெயர் பழகுவது அவருக்குச் சிரமம். வேம்புவின் அண்ணன் மூன்றாவது ழோசேப்.

“அவருக்குத்தான் காய்ச்சலாச்சே முசியே. எத்தினி வாட்டி சொன்னேன்?”

“ஓ, அதான் லாயம் நாறுதா?”

வேம்பு படியிறங்கி நேராகத் தணிகாசலத்திடம் போனாள்.

“சார், வெற்றிவேலுக்கு அந்த நோய்தான்னு நிச்சயமா?”

“சர்க்கார் லேப்மா. அவங்க சொல்லிட்டா சொன்னதுதான். கடவுளே வந்தாலும் மாத்த முடியாது.”

அதை நாலு பேர் முன்னால் அவர் வாயால் கேட்கத்தான் அவள் அதுவரை காத்திருந்தாள்.

“அப்ப வாங்க, காட்டுறேன். எங்க வீட்ல பாயில படுத்திருக்கு. எங்கண்ணன். ரத்தம் எடுத்ததும் நான்தான், உங்க ஐஸ் பெட்டியில வச்சதும் நான்தான். குதிரை டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க சார். வந்துட்டேன்.”

பீரோவைத் திறந்த உதவியாளர் அதை மெதுவாக மூடினார்.

தணிகாசலம் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். ரொலான் வாயைத் திறந்தார். மூன்றாவது ழோசேப்புக்கு ஒரு பெயர் இருந்த அதிர்ச்சியில் அது திறந்தபடியே இருந்தது.

வேம்பு அதற்குள் 108-க்கு அடித்துவிட்டாள். இந்த முறை “காய்ச்சல்” என்று சொல்லவில்லை. நோயின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள், சர்க்கார் லேப் என்றாள், பக்கத்தில் அதிகாரியே நிற்கிறார் என்றாள். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிளம்பிவிட்டது என்றது மறுமுனை.

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஜேசிபிக்காரரைத் தவிர. அவருக்கு அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

“அப்ப குழிய மூடிடவா சார்?”

தணிகாசலம் குழியை எட்டிப் பார்த்தார். சட்டத்தில் என்ன போட்டிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.