பூக்காத காட்டுக் கேமலியா

ஆசையாக வளர்த்த காட்டுக் கேமலியா என்ற பூச்செடி பூக்கவே இல்லை. சாப்பாடு இறங்காமல் தவித்த கணவர், செடியை விற்ற நர்சரிக்காரரையே வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார்.

"அமில மண்ணுலதானே வெச்சீங்க?" என்று கேட்டார் நர்சரிக்காரர்.

"ஆமா, மக்கின இலை கலந்துதான் வெச்சேன். மழைத்தண்ணிதான் ஊத்துறேன். காலை வெயில் மட்டும்தான் படுது."

நர்சரிக்காரர் குனிந்து பார்த்தார். "எல்லா நுனியையும் யாரோ கிள்ளியிருக்காங்க. அப்புறம் எப்படிங்க மொட்டு வரும்?"

"பக்கத்து வீட்டுக்காரன்தான்! இருக்கு அவனுக்கு!" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

மனைவி தேநீரோடு வந்தாள். ஒரு வாய் குடித்ததும் நர்சரிக்காரர் அசந்துபோனார். "என்ன வாசனை! எந்தக் கடைத் தூளுங்க?"

"கடையில எதுக்கு? அந்தச் செடி தேயிலைக்குத் தங்கச்சி முறைன்னு இவர்தான் சொன்னார். அதான் கொழுந்தைக் கிள்ளிக் காயவெச்சுடுறேன். இவரும் தினம் ரெண்டாவது கப் கேட்டு வாங்கிக் குடிக்கிறாரே!"