கணினியின் முதுகு

பேப்பர் பறக்கும் என்று அச்சகத்தில் இருக்கும் சீலிங் ஃபேனைப் போடவிடமாட்டார் முதலாளி தனகோடி. மெஷின் சூடாகக் கூடாதென்று கணினிக்கு மட்டும் ஆறு ஃபேன் வாங்கினார். சித்திரை வெயிலில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த ரெஜினாவின் வியர்வை கீபோர்டில் சொட்டியது.

ஃபேன் மாட்ட வந்தவன் கேட்டான்: "வேகம் எப்படி வைக்க? சத்தமில்லாமலா, சூட்டுக்குத் தக்கபடி தானாவா, எப்பவும் ஃபுல்லாவா?"

"சத்தமே வரக்கூடாதுப்பா," என்றார் முதலாளி.

"நகருங்க தம்பி. இதுகூட நாள் முழுக்க உக்கார்றது நான்." ரெஜினா மவுஸைப் பிடுங்கி முழு வேகத்தை அழுத்தினாள். அனல் கக்கும் கணினியின் முதுகை முதலாளியின் மேசைப் பக்கம் திருப்பி வைத்தாள்.

சற்று நேரத்தில் முதலாளியின் ஆறிப்போன டீ மறுபடி கொதித்தது. அவர் தலைக்கு மேலிருந்த தினசரி நாள்காட்டி தாள் தாளாகப் பறந்து, மதியத்துக்குள் ஆடி மாதத்துக்கு வந்துவிட்டது.

"அதைத் திருப்பி வைம்மா!"

"மெஷின் சூடாயிரும், முதலாளி."

முதலாளி சட்டையைப் பிழிந்துகொண்டே எழுந்தார். சீலிங் ஃபேன் ஸ்விட்சில் கையை வைத்தார். வைத்தபடியே அவளை முறைத்தார்.

ரெஜினா பத்திரிகைக் கட்டின் மேல் தன் டிபன் பாக்ஸைத் தூக்கி வைத்தாள்.