தாலாட்டின் இடைவெளி

“இன்னொரு வாட்டி போடுண்ணா,” என்றாள் செல்லம்மா.

செங்கல்பட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பன்னீர்செல்வம், கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டார்.

செல்லம்மா பாடிய தாலாட்டு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் குழந்தையின் மூச்சு. கர்ர், கர்ரென்று இழுத்தது. பாட்டுக்குச் சமமான சத்தத்தில்.

அதைப் பதிவு செய்த மறுநாள் விடியற்காலை குழந்தை இறந்துபோனது. எட்டு மாசம்.

அவன் சிணுங்கலாவது ஒன்றிரண்டு இருக்காதா என்று போன மாதம்தான் கேசட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“இவ்ளோ சத்தமா இழுத்துகினு கீறான். நான் பாட்டுக்கு பாடிகினு இருந்துகிறேனே.”

பக்கத்தில் அவள் புருஷன் மோசஸ். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் இடத்தில் வெல்டர். தலையை நிமிர்த்தவில்லை.

பன்னீர்செல்வம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர்கள் பதிவு செய்த ரெக்கார்டர் சத்தத்தைத் தானாகவே ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். பெரிய சத்தத்தை அமுக்கும், சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். அவள் பாட்டை நிறுத்திய ஒவ்வொரு தடவையும் மூச்சைத் தூக்கிவிட்டிருக்கிறது. நேரில் அன்று அது இவ்வளவு கேட்டிருக்காது.

அவள் நம்பவில்லை.

அவர் இன்னொரு ரெக்கார்டருக்கு ஒயரை மாட்டினார். அன்று பாடிய அதே சத்தத்தில் ஒரு வரி பாடச் சொன்னார்.

செல்லம்மா வெறும் மடியைப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

அந்தக் குரலின் அளவுக்குக் கேசட்டில் பாட்டின் சத்தத்தை வைத்தார். வரி முடிந்ததும், மூச்சு அன்று நேரில் கேட்ட அளவுக்குச் சத்தக் குமிழைத் திருப்பி இறக்க வேண்டும். எவ்வளவு இறக்குவது? அன்று கூடவே இருந்தவன் மோசஸ்தான். அவனைப் பார்த்தார்.

மோசஸ் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கினான். இன்னும் இறக்கினான். இன்னும்.

மூச்சு அடங்கிவிட்டது.

வரிக்கு வரி அப்படியே ஏற்றி இறக்கிப் புதுக் கேசட்டில் பிடித்தார்.

செல்லம்மா ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கடைசிவரை கேட்டாள்.

“கேக்கலண்ணா,” என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். அவள் தோள்கள் குலுங்குவது கடைக்குள்ளிருந்தே தெரிந்தது.

பன்னீர்செல்வம் பழைய கேசட்டை அழித்துவிடலாம் என்று எடுத்தார். மோசஸ் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

“இது என்னாண்டயே இருக்கட்டும் அண்ணாத்த,” என்றான். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அன்னிக்கி இயர்போன காதுல மாட்டிகினு நான்தான் ரெக்கார்ட் பண்ணேன். எனக்கு இதே சத்தத்துலதான் கேட்டுச்சி. மிஷின் இரையுதுன்னு வுட்டுட்டேன்.”