கைப்பிடியைக் காதில் வைத்து

கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் அந்தோணிமுத்து நேற்றிலிருந்து கிடந்தார். மஸ்கட்டிலிருந்து மகள் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். மதியத்தில் பெட்டியின் குளிர் நின்றுவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர் மெக்கானிக் சகாயத்தை அனுப்பிவைத்தார். அவன் பெட்டியின் கால்மாட்டில் குந்தி, மோட்டாரைக் கிளப்பும் ரிலேயை மாற்றிவிட்டு, "கொஞ்ச நேரம் அழாம இருங்கம்மா, மோட்டார் சத்தம் கேக்கணும்" என்றான். ஒப்பாரி சட்டென்று அடங்கியது. ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கம்ப்ரசரின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்களை மூடினான். உள்ளே சீரான முனகல் கேட்டது.

"ஓடுது" என்றான்.

தலைமாட்டில் இருந்த அந்தோணிமுத்துவின் மனைவி மரியபுஷ்பம் அந்த ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே அவர் நெஞ்சுலயும் ஒரு தடவ வச்சுப் பாருங்க தம்பி."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. "மூடியத் திறந்தா குளிர் போயிரும்மா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவளே திறந்துவிட்டாள். பிறகு சுவரோரம் போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"இப்ப ஒரு சத்தமும் இல்ல. கேளுங்க."

சகாயம் வெள்ளைச் சட்டையின் மேல் நுனியை வைத்தான், அழுத்தாமல் வைத்தான். காது கைப்பிடிக்குத் தானாகப் போனது. அணைத்த கம்ப்ரசரை உடனே போடக் கூடாது, எரிந்துவிடும். சிறிது நேரம் விட வேண்டும். அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தான். சுற்றி நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மரியபுஷ்பம் சுவிட்சில் கை வைத்தபடி அவன் முகத்தைப் பார்த்தாள்.

அந்த நேரமும் கடந்தது. சகாயம் காதை எடுக்கவில்லை.