கீறல் போட்ட பேட்டரி

முல்தானில் ஜூன் வெயில். கரண்ட் போனாலும் இனாயத்துல்லா வீட்டு மின்விசிறி ஒரு வாரமாக நிற்காமல் சுற்றியது. அவருக்கு அதுவே சந்தேகம். யுபிஎஸ்ஸின் ஆறு வருஷப் பேட்டரியைச் சீர்செய்யக் கொடுத்தபோதே, மூலையில் ஆணியால் கீறித்தான் அனுப்பியிருந்தார். இப்போது தடவிப் பார்த்தார். கீறலைக் காணோம்.

பேட்டரியை ரிக்‌ஷாவில் ஏற்றி மெக்கானிக் நதீமின் கடைமுன் இறக்கினார்.

"மாத்திட்டியேடா திருட்டுப் பயலே! என்னோடது எங்கே?"

"நல்லா ஓடுறதை ஏன் சாச்சா நோண்டுறீங்க? பேசாம வீட்டுக்குப் போங்க."

"ஊரைக் கூட்டட்டுமா?"

கூட்டம் சேர்ந்தே விட்டது. நதீம் தலையில் அடித்துக்கொண்டு, பழைய சாமான் குவியலிலிருந்து கீறல் போட்ட பேட்டரியை இழுத்து வந்தான்.

"இது செத்துப்போச்சு சாச்சா. இப்ப நீங்க கொண்டாந்தது புத்தம் புதுசு. மஸ்கட்ல இருக்குற உங்க மகன்தான் வாங்கி வைக்கச் சொன்னாரு. தெரிஞ்சா நீங்க விடமாட்டீங்கன்னு மறைக்கச் சொன்னாரு."

"பழசை எடுத்துட்டுப் புதுசு குடுக்குற மெக்கானிக்கா நீ? யார்கிட்டடா கதை விடுற!"

ஜெயித்த முகத்தோடு பழையதை ஏற்றிக்கொண்டு போனார்.

மதியம் கரண்ட் போனது. விசிறியும் நின்றது. மனைவி துப்பட்டாவால் விசிறிக்கொண்டே அவரை முறைத்தாள்.

"பாத்தியா," என்றார் இனாயத்துல்லா. "ஒரே வாரத்துல அதோட சத்தை எல்லாம் உறிஞ்சிட்டான் பாவி!"