சத்தம் வராத வயலின்

கார்மைனின் வில் மேலும் கீழும் போய்க்கொண்டுதான் இருந்தது. சத்தம்தான் வரவில்லை.

வாசித்துக்கொண்டே வெர்ணா ஓரக்கண்ணால் பார்த்தாள். பதினாறு வருஷமாக அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து வாசிக்கிற மனுஷர். ஏமாற்றுகிறாரா என்ன?

பிலடெல்பியாவில் அந்தப் பழைய செங்கல் தேவாலயக் கச்சேரி என்றால் ஊரில் தனி மரியாதை. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. இன்று செவ்வாய், ஒத்திகை.

இடைவேளையில் கடுகுச் சாந்து தடவிய பிரெட்செல் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கார்மைன், வில்லால விசிறிக்கிறீங்களா? அவ்வளவு புழுக்கமா இருக்கா?"

"ஏம்மா?"

"சத்தமே காணோமே!"

அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார்.

"சரிம்மா, அழுத்தி வாசிக்கறேன்" என்றார்.

மறுத்துச் சண்டை போடுவார் என்று நினைத்தவளுக்குக் குழப்பமாகிவிட்டது. அப்படியானால் நிஜம்தானா?

அடுத்த பகுதியிலும் அதே கதை. வெர்ணாவுக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கி, குழுவை நடத்தும் லெனோரிடம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"கார்மைன் வாசிக்கவே இல்லை. சும்மா கை ஆட்டறார்."

லெனோர் விழித்தாள். "நிஜமாவா? எனக்கு நல்லாத்தானே கேட்டுது?"

"வேணும்னா தனியா வாசிக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் வேண்டாம் லெனோர்" என்றார் கார்மைன் அவசரமாக. "தப்பு என்னோடதுதான். ஒத்துக்கறேன்."

"நீங்க சும்மா இருங்க. இப்படி ஒரு பேச்சு வந்துட்டா ஞாயித்துக்கிழமை உங்களை எப்படி மேடையில உக்கார வைக்கறது? வாசிங்க" என்றாள் லெனோர்.

கார்மைன் தயங்கித் தயங்கி வில்லை எடுத்தார்.

வெர்ணாவுக்கு எங்கோ அடுத்த தெருவில் வாசிப்பது போல இருந்தது. ஆனால் பின்வரிசை செல்லோக்காரி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறாள். லெனோரின் முகம் மலர்கிறது. எல்லாருக்கும் என்ன ஆயிற்று?

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எழுந்து அவர் முன்னால் போய்க் குனிந்தாள். இடது காதைத் தந்திகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

கணீரென்று கேட்டது.

திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினாள். வலது காது அந்தப் பக்கம் வந்ததும், பஞ்சில் பொதிந்தது போல எல்லாம் அமுங்கிப்போனது.

மறுபடி இடது காது. மறுபடி வலது.

வெர்ணா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வயலினை மடியில் போட்டுக்கொண்டு, வலது காதைப் பொத்தினாள், எடுத்தாள். பொத்தினாலும் எடுத்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது.

கார்மைன் வில்லைக் கீழே இறக்கினார்.

"உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"கிறிஸ்துமஸ் கச்சேரியிலேர்ந்து. காதோரமா சொன்னா உனக்கு விழல."

கார்மைன் எழுந்தார். சபையைப் பார்த்த அவருடைய ஓர நாற்காலி மூத்தவருக்கான இடம். அதில் அவளைக் கைப்பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவளுக்கு இடது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமே கார்மைன்! ஊர் முன்னால உங்களைத் திருடன் மாதிரி நிக்க வெச்சுட்டேனே!"

"இடம் மாறினா ஏன்னு கேப்பே. வயலின் வாசிக்கறவகிட்ட அதை எந்த வாயால சொல்றது? நீ என்னைத் திட்டிட்டுப் போறதே தேவலைன்னு தோணிச்சு."